வியாழக்கிழமை வந்து பார்த்தால் தெரியும்

இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். காலில் மாவுக்கட்டுப் போட்ட போலீஸ்காரர் ஒருவர், ஒரு கண்ணைப் பச்சைத் துணியால் மறைத்திருக்கும் கண்டக்டர் ஒருவர், அப்புறம் ஒரு கிராம உதவியாளர், அவருக்கு என்னவென்று தெரியவில்லை, ஆனால் இருமுகிறார், இருமலாவது இருக்கிறது. அவர்களுக்குப் பிறகு நான். மெடிக்கல் போர்டு என்று எழுதிய கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அந்த அடிப்புக்கே கொஞ்சம் தெம்பு செலவாகிறது, செலவாகக் கூடாது, ஒன்பது நாள் சேர்த்து வைத்தது. போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் எழுந்து உட்காரவே இல்லை, போனில் பேசவில்லை, ஜன்னலைத் திறக்கவில்லை, இன்றைக்கு இரண்டு மணி நேரம் இந்த பெஞ்சில் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பதற்காக. இதை உள்ளே சொல்ல வேண்டும். முதல் வாக்கியமே இதுதான். ஐயா, என் பெயர் செண்பகவல்லி, நாற்பத்தாறு வயது, அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர், இருபது மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது, காய்ச்சல் போய்விட்டது, நான் திரும்பி வரவில்லை. இல்லை, இது கதை மாதிரி இருக்கிறது, டாக்டர்களிடம் கதை பேசக் கூடாது. இரண்டாவது வாக்கியம் என்ன? வீட்டில் ஐந்து வாக்கியம் தயார் செய்து வைத்தேன். மூன்றாவது ஞாபகம் இருக்கிறது. இன்று செவ்வாய்க்கிழமை நீங்கள் பார்ப்பது என்னுடைய வியாதியை இல்லை, வியாழக்கிழமை வந்து பார்த்தால் தெரியும். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். இன்றைக்கு வந்ததற்கான தண்டனை இன்றைக்கு வராது ஐயா, நாளைக்கும் அரைகுறையாகத்தான் வரும், நாளை மறுநாள் காலையில் வரும், அன்றைக்கு எச்சில் விழுங்குவது ஒரு வேலை, கண் இமையைத் திறப்பது ஒரு வேலை, பக்கத்து வீட்டில் தட்டு விழும் சத்தம் என் எலும்புக்குள் விழும். அப்படியே ஒரு வாரம், சில சமயம் ஒரு மாதம். ஆனால் போர்டு வியாழக்கிழமை கூடுவதில்லையாம். விசாரித்தோம், செவ்வாய்க்கிழமை மட்டும்தானாம்.

மல்லிகை வாசனை தாங்க முடியவில்லை. என் தலையிலிருந்துதான் வருகிறது. காலையில் இவர் வைத்துவிட்டார். நேற்று மத்தியானம் கட்டிலின் விளிம்பில் என் தலையைத் தொங்கவிட்டு, கீழே அண்டாவை வைத்து, குழந்தைக்கு ஊற்றுவது போல ஊற்றித் தலைக்குக் குளிப்பாட்டினார். இன்று காலையில் பீரோவைத் திறந்து மாம்பழக் கலர் சில்க் காட்டனை எடுத்தபோது, பழைய நைட்டியே போதுமே, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு போகலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். "பெரிய டாக்டருங்க மூணு பேரு உக்காந்திருப்பாங்க வல்லி, நோயாளி மாதிரியா போறது" என்றார். நோயாளி மாதிரிதானே போக வேண்டும்? உலகத்தில் வேறு எங்கே போனாலும் நோயாளி மாதிரிப் போகக் கூடாது, இந்த ஒரு இடத்துக்குத்தான் அப்படிப் போக வேண்டும். சொல்லியிருக்கலாம். ஆனால் அவரோடு வாதாட ஆரம்பித்தால் ஆஸ்பத்திரி வாசல் வரை வரத் தெம்பு இருக்காது, அதனால் கையைத் தூக்கச் சொன்னபோது தூக்கினேன், பொட்டு வைத்தபோது முகத்தைக் காட்டினேன். பவுடர் கூட. உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கண்ணாடியில் ஒரு டீச்சர் தெரிந்தாள், எட்டாம் வகுப்பை ஒரு பார்வையில் அடக்குகிறவள். அவளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. ஆட்டோவில் பின் சீட்டில் படுத்துக்கொண்டே வந்தேன், ஆஸ்பத்திரி கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இவர் தோளைத் தொட்டு, "உக்காந்துக்க, புடவை கசங்குது" என்றார். உட்கார்ந்துகொண்டேன். இப்போது அந்த மாவுக்கட்டுப் போலீஸ்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார், யாருக்கோ துணைக்கு வந்தவள் என்று நினைத்திருப்பார். எனக்கு அவர் கட்டைப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது. வெள்ளையாக, கனமாக, யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி. அதற்கு ஐந்து வாக்கியம் தேவையில்லை.

ஏழெட்டு எவ்வளவு? ஏன் இப்போது இது? ஏழெட்டு. போன தீபாவளிக்கு வந்த என் தங்கை பையன் விளையாட்டாகக் கேட்டான், பெரியம்மா, ஏழெட்டு எவ்வளவு, நான் வாயைத் திறந்தேன், அங்கே ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள். அவன் சிரித்தான், தங்கை சிரித்தாள், நானும் சிரித்தேன், அவர்கள் போன பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதேன், அழுததற்கு மூன்று நாள் தண்டனை. ஐம்பத்தாறு. வந்துவிட்டது பார். இப்போது வரும், உள்ளே போனால் வராது. தங்கை நல்லவள், ஆனால் "எனக்கும்தான்க்கா டயர்டா இருக்கு, எந்திரிச்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்பாள். டயர்டு. இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலை செய்தவன் படுத்துத் தூங்கி எழுந்தால் போய்விடுவதற்குப் பெயர் அது. எனக்கு வந்திருப்பதற்குத் தமிழில் வார்த்தை கிடையாது, இங்கிலீஷில் ஒன்று இருக்கிறது, மெட்ராஸில் ஒரு டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார், க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம், மருந்து எதுவும் இல்லை அம்மா, ரெஸ்ட் எடுங்க, உங்க அளவு தெரிஞ்சு நடந்துக்குங்க என்றார். நான் அதை நாட்பட்ட களைப்பு நோய் என்று மொழிபெயர்த்துத் தங்கையிடம் சொன்னேன், அவள் புருஷன் அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவன், "அந்த நோய் எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் இருக்கு" என்றான். நல்ல நகைச்சுவை. ரத்தம், தைராய்டு, சர்க்கரை, இருதயம், மண்டைக்குள் படம், எல்லாம் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். ஒவ்வொரு நார்மலுக்கும் இவர் முகம் மலரும், நான் எங்காவது ஒரு தப்பு இருக்காதா என்று தாளைப் புரட்டுவேன். எல்லாப் பாடத்திலும் பாஸான ஒருத்தியை அதே வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள், ஏன் என்று கேட்டால் மார்க் ஷீட்டைக் காட்டுகிறார்கள்.

கண்டக்டரைக் கூப்பிட்டாயிற்று. இன்னும் இரண்டு பேர். பினாயில் வாசனை, மல்லிகை வாசனை, யாரோ வடை சாப்பிடுகிறார்கள். முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் அது ஆரம்பித்துவிட்டது, ஒரு வலி மாதிரி, வலி இல்லை, உள்ளே யாரோ விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருவது மாதிரி. தாங்கும், இன்னும் அரை மணி தாங்கும். தாங்கியே ஆக வேண்டும். லீவை நீட்டாமல், பணியில் சேரலாம் என்று போர்டில் எழுதிவிட்டால் திங்கட்கிழமை ஸ்கூல். ஒன்பதாம் வகுப்பு மாடியில், இருபத்தாறு படி. ஐந்து பீரியடு நின்றுகொண்டே. போன ஜூனில் இப்படித்தான் சேர்ந்தேன், லீவு போட்டு லீவு போட்டு எனக்கே வெட்கமாகப் போய், மனசு வைத்தால் முடியும் என்று எல்லாரும் சொன்னதை நம்பி. பதினோரு நாள் போனேன். பதினோராம் நாள் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிக்கொண்டிருக்கும்போது சாக்பீஸ் கனத்தது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை, மயக்கம் இல்லை, விழவில்லை, சாக்பீஸ் கனத்தது, கையை இறக்கினேன், பிள்ளைகளைப் பார்த்து உட்காருங்கள் என்றேன், அவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்கள். அதன் பிறகு மூன்று மாதம் நான் திரும்பிப் படுக்க முடியவில்லை. வெளிச்சம் ஆகவில்லை, கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு கிடந்தேன், இவர் ஸ்பூனில் கஞ்சி ஊட்டினார், ஒரு ஸ்பூனுக்கும் அடுத்த ஸ்பூனுக்கும் நடுவில் நான் தூங்கிப்போவேன். அதிலிருந்து மீண்டு வந்தது பாதிதான். ஜூனுக்கு முன்னால் கொல்லைப்புறம் வரை நடப்பேன், இப்போது பாத்ரூம் வரை, பதினெட்டு அடி. அந்தப் பதினெட்டு அடிதான் இப்போது என் சொத்து. இன்னொரு தரம் ஸ்கூலுக்குப் போனால் அதுவும் போய்விடும், படுத்தவள் படுத்தவள்தான், எனக்குத் தெரியும், டாக்டர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உடம்பு சொல்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. செத்துப்போவது பற்றிப் பயமில்லை, சாகாமல் அப்படியே கிடப்பது பற்றித்தான்.

இவர் பக்கத்தில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். கனகசபாபதி. காயில் கட்டுகிறவர் என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால் கருகின கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுசாகச் சுற்றிக் கொடுப்பார், கை அவ்வளவு நிதானம். ஆரம்பத்தில் என்னையும் அப்படித்தான் நினைத்தார், எந்த இடத்தில் எரிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று. ஊர் ஊராகக் கூட்டிப்போனார். ஆறு மாதத்துக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார், செய்வதைத் தொடங்கினார். விடியுமுன் எழுந்து தெருக்கதவைத் திறக்காமலே சமைத்து முடித்துவிடுவார். என் உள்பாவாடையும் ஜாக்கெட்டும் துவைத்து மாடியில் காயப்போட மாட்டார், உள் அறையில் ஃபேனுக்குக் கீழே கொடி கட்டி உலர்த்துவார். எதிர்வீட்டு சுசீலாவிடம் வாசலில் ரசத்தைக் கொடுத்து, வல்லி வச்சது என்றார், அவள் ஜன்னல் பக்கம் வந்து, "வல்லிக்கா கைமணமே தனி" என்று சொல்லிவிட்டுப் போனாள், எனக்கு அன்றைக்குச் சிரிப்பாக வந்தது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னது கிடையாது, யாரிடமும், என்னிடமும். ஒரு தடவையாவது சலித்துக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதோ அந்த பியூன், அருள்தாஸ், எங்கள் ஊர்க்காரன்தான், வந்தவுடனே இவரைக் கண்டுகொண்டான். "அண்ணே, நீங்களா? நம்ம கெணத்து மோட்டாரு ராசா மாதிரி ஓடுதுண்ணே" என்றான். என்னைப் பார்த்து, "டீச்சருக்கா? பாத்தா நல்லாத்தானே இருக்காங்க" என்றான். இவருக்கு அதில் பெருமை. நான் பார்த்தேன், முகத்தில் ஒரு நிமிஷம் பெருமை வந்து போனது.

படுத்துக்கொள்ள வேண்டும். இந்த பெஞ்சிலேயே, போலீஸ்காரர் எழுந்து போன இடத்தில் காலை நீட்டி. படுத்தால் அதுதான் உண்மையான பதில், என்னைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே போட்டால் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள். "என்னங்க, கொஞ்சம் சாஞ்சுக்கட்டுமா" என்றேன். "இப்பக் கூப்பிட்டுருவாங்கம்மா, படுத்திருந்தா ஒரு மாதிரி நெனைப்பாங்க" என்றார். சரி. நிமிர்ந்து உட்கார். நடிக்கிறேன், நன்றாக இருப்பவளாக நடிக்கிறேன், நடிக்கிறாள் என்று ஊரே சொல்கிறதே, ஆமாம், நடிப்புதான், ஆனால் அவர்கள் நினைக்கிற பக்கம் இல்லை. ஒருவேளை அவர்கள் சொல்வது சரியாக இருந்தால்? இந்த நினைப்பு வந்தால் போகாது. ஒருவேளை எனக்கு ஒன்றுமே இல்லாமல் இருந்தால், மாடிப்படியைப் பார்த்துப் பயந்த ஒரு சோம்பேறி இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருந்தால், எழுந்து நடந்தால் நடந்துவிடுவேனோ என்னவோ. எத்தனை தடவை இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். யாரும் இல்லாதபோது எழுந்து சமையலறை வரை போய், இதோ பார், நடக்கிறாயே என்று எனக்கே சொல்லிக்கொண்டு, ஒரு வெங்காயத்தை உரித்து, அப்புறம் அந்த வெங்காயத்துக்கு நான்கு நாள். என்னை நானே நம்பாதபோது மூன்று டாக்டர்கள் எப்படி நம்புவார்கள். இருமல்காரர் வெளியே வந்துவிட்டார். அருள்தாஸ் கதவைப் பிடித்துக்கொண்டு, "செம்பகவல்லி டீச்சர்" என்கிறான்.

எழுந்தேன். கால் நன்றாகத்தான் நடந்தது, பாவி கால், ஒன்பது நாள் ஓய்வெடுத்த கால். உள்ளே ஏ.சி. நடுவில் நரைத்த மீசைக்காரர், ஒரு பக்கம் செல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளவயசுக்காரர், இன்னொரு பக்கம் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. எனக்கு ஒரு ஸ்டூல், இவர் பின்னால் நின்றார், அருள்தாஸ் ஃபைலை வைத்துவிட்டு வெளியே போகாமல் கதவோரம் நின்றான். நடுவில் இருந்தவர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "எல்லாம் நார்மலா இருக்கே டீச்சர். என்ன பிரச்சினை உங்களுக்கு?" என் ஐந்து வாக்கியம். முதல் வாக்கியம். ஐயா, என் பெயர். என் பெயரைத்தான் ஃபைலில் பார்த்துவிட்டாரே. அப்புறம் வியாழக்கிழமை. வியாழக்கிழமை என்ன? வார்த்தைகள் இருந்த இடத்தில் அண்டா மாதிரி ஒரு வெற்றிடம், ஏ.சி. சத்தம் மட்டும் அதில் சுற்றிக்கொண்டிருந்தது. "டயர்டா இருக்கு சார்" என்றேன். நானேதான் சொன்னேன். அந்த வார்த்தையை. அவர் சிரித்தார், கேலியாக இல்லை, நல்ல மனுஷன் மாதிரிதான் சிரித்தார். "யாருக்குமா டயர்டா இல்ல? இந்த வயசுல லேடீஸுக்கு வர்றதுதான். வேலைக்குப் போய் நாலு பேரோட இருந்தா மனசும் தெளிவாயிடும்." பேனாவை எடுத்துவிட்டார். அப்போது கண்ணாடிக்கார அம்மா, "ஒரு நிமிஷம் சார்" என்றார். அவர் மெட்ராஸ் டாக்டரின் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார், மெதுவாக, இரண்டாவது தடவையாக. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒருத்தர் படிக்கிறார். "இந்த கண்டிஷன்ல ரிப்போர்ட்டு எல்லாம் நார்மலாத்தான் இருக்கும் சார்" என்றார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்து, "நீங்க ஹஸ்பெண்டா? வீட்ல சமையல், துணி துவைக்கிறது, இதெல்லாம் யாரு? உள்ளதச் சொல்லுங்க. அவங்களால முடியலன்னா அதை எழுதி, நான் லீவுக்கு ரெகமண்ட் பண்றேன்."

அவ்வளவு எளிது. மேடம், நான்தான், இவளால முடியாது. மூன்று வார்த்தை, நான்கு வார்த்தை. நான் திரும்பவில்லை, திரும்பாமலே தெரிந்தது, இவர் கதவுப் பக்கம் பார்க்கிறார், அங்கே அருள்தாஸ் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். "அவங்கதான் மேடம்" என்றார். "எல்லாம் அவங்கதான் பாத்துக்கிறாங்க. மெதுவாச் செய்வாங்க, ஆனா வேற யாரையும் செய்ய விட மாட்டாங்க." குரல் நடுங்கவே இல்லை, சுசீலாவிடம் ரசத்தைக் கொடுக்கும்போது இருந்த அதே குரல். அந்த அம்மா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "அப்படியா டீச்சர்?" என்றார். அவர் நம்பவில்லை, அந்தப் பார்வையில் தெரிந்தது, எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லு. இல்லை மேடம், இவர் பொய் சொல்கிறார், இந்த மனுஷன்தான் எனக்குப் பாவாடை துவைக்கிறவர், இந்த மனுஷன்தான் எனக்கு ஊட்டுகிறவர், சொல்லு, திங்கட்கிழமை, இருபத்தாறு படி, சாக்பீஸ், சொல்லு. வாய் வரை வந்தது. ஆனால் சொன்னால் இன்று சாயங்காலம் அருள்தாஸ் டீக்கடையில் சொல்வான், நாளைக்குக் கடைக்கு மோட்டார் கொண்டுவருகிறவர்கள் இவர் கையைப் பார்ப்பார்கள், பார்த்துச் சிரிப்பார்கள், இருபது மாதமாக இவர் என்னிடம் கேட்காமலே கேட்டுக்கொண்டிருந்தது இந்த ஒன்றே ஒன்றுதான், அதைக்கூட நான் தரவில்லை என்றால் நான் என்னத்துக்கு. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கிடக்கிற ஒருத்தியால் வேறு என்ன தர முடியும். "ஆமாங்க மேடம்" என்றேன். அந்த அம்மா இன்னும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு சீட்டை மடித்து ஃபைலுக்குள் வைத்தார். நடுவில் இருந்தவர் எழுதினார், பணியில் சேரத் தகுதியானவர், தலைகீழாகப் பார்த்தாலும் படிக்க முடிந்தது.

வெளியே அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். ஆட்டோக்காரனுக்குப் போன் போட்டிருக்கிறார், வர நேரமாகும். இப்போது சாய்ந்துகொள்ளலாம், இனி யார் என்ன நினைத்தால் என்ன, ஆனால் சாயவில்லை, சாய்ந்தால் எழுந்திருக்க மாட்டேன். எனக்குக் கோபம் வரும் என்று காத்திருக்கிறேன், வரவில்லை, கோபத்துக்குக்கூட உள்ளே எதுவும் மிச்சமில்லை. அவர் ஃபைலின் நாடாவைக் கட்டுகிறார், அவிழ்க்கிறார், திரும்பக் கட்டுகிறார். "எதுக்கு அப்படிச் சொன்னீங்க" என்று கேட்டேன், சண்டைக்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். நாடாவில் இன்னொரு முடிச்சுப் போட்டார். அப்புறம் கீழே பார்த்துக்கொண்டே, "ஆம்பளைங்கல்லாம் இருந்தாங்க வல்லி. அவங்க முன்னாடி என் பொண்டாட்டி வீட்ல ஒரு வேலையும் செய்ய மாட்டான்னு நான் எப்படிச் சொல்லுவேன்? உன்ன என்ன நெனைப்பாங்க?" என்றார். என்னையா. நான் இவர் மானம் என்று நினைத்தேனே. இவர் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். நான் இவருடையதைக் காப்பாற்றினேன், இரண்டு பேரும் சேர்ந்து ஒழுங்காகக் காப்பாற்றிவிட்டோம், ஒரு கறை இல்லாமல். சிரிக்க வேண்டும் போல இருக்கிறது, அழ வேண்டும் போலவும் இருக்கிறது, இரண்டுமே முடியவில்லை. திங்கட்கிழமைக்கு இன்னும் ஆறு நாள். நடுவில் வியாழக்கிழமை வரும். அருள்தாஸ் கதவைச் சாத்திவிட்டு எங்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வருகிறான், டீச்சருக்கு நல்லபடியா முடிஞ்சுதா என்று கேட்கப்போகிறான். இவர் அதற்குள் என் பக்கம் குனிந்து, அவன் காதில் விழாதபடி மெதுவாக, "நீ ஸ்கூலுக்கு மட்டும் போயிட்டு வந்துடு, சமையல நான் பாத்துக்கிறேன்" என்றார். "சரிங்க" என்றேன்.